குளத்துக் கெண்டைக்கு இரையும் தூண்டிலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. அளவெட்டிப் பக்கத்திலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியிற் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுவிடும். ஆயினும் ஊர்தோறும் குளங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் நிரம்பும் இக்குளங்களுட் பல, சில மாதங்கள் நீர் தாங்கிப் பின் வற்றுவன. அந்த இடைக்காலத்தில் மீன்குஞ்சு விட்டு, நீர் வற்றுமுன் மீனை எடுத்துக்கொள்ளலாம். வயலுக்கு ஒரு போகம் போலக் குளத்துக்கும் ஒரு போகம் என்று கமக்காரர் இதனை எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வாறு விடப்படும் மீன்களுள் முதன்மையானவை கட்லா, ரோகு, மிரிகால் என்னும் இந்தியப் பெருங்கெண்டைகளும், சாதாக் கெண்டையும் ஆகும். முதல் மூன்றைப் பற்றி ஒன்று அறிந்திருத்தல் வேண்டும். அவை வெள்ளம் பாயும் ஆற்றிலேயே முட்டையிடும். தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. 1957ஆம் ஆண்டு யூலை 10ஆம் திகதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாற் செலுத்தி அவற்றை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே பொரிப்பகங்களில் வேண்டியபோது குஞ்சு உண்டாக்க முடிந்தது. இந்தியாவில் யூலை 10 இன்றும் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஆகவே நமது குளத்தில் நீந்தும் ஒவ்வொரு கட்லாவும் ரோகுவும் யாரோ ஒருவர் பையில் நீரூற்றிக் கொண்டுவந்து விட்ட குஞ்சேயாம். அதனை விரலளவிற் பிடித்துவிட்டால் அதன் இடத்தை நிரப்ப வேறொன்று அங்கே பிறவாது.

தூண்டிலின் சிறப்பு இங்கேதான் உளது. சிறுகண் வலை பெரிதையும் சிறிதையும் ஒருங்கே வாரிவிடும். தூண்டிலோ ஒவ்வொரு மீனாகக் கொணர்வது. பெரிதை எடுத்துச் சிறிதை உயிருடன் திருப்பிவிட இடந்தருவது. நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தாலே தடுக்கப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, நஞ்சிட்ட குளத்து நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக நமது கிணறுகளுக்கே இறங்கும் என்பதை எவரும் மறத்தலாகாது.

தூண்டிலிடுமுன் குளம் யாருடைய பொறுப்பில் உள்ளதென்று கேட்டறிக. சிறு குளங்களுட் பல கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தவை. ஊர்க் கமக்காரர் அமைப்பே அவற்றைப் பராமரிக்கும். குஞ்சு விட்டோரின் இசைவின்றிப் பிடிக்கும் மீன் பிறர் வயலில் அறுத்த கதிருக்கு ஒப்பாகும்.

முதலில் வாயைப் பாருங்கள்

விரால் பிடித்துப் பழகியவர் கெண்டைக்கும் அவ்வாறே தவளையையோ சிறு மீனையோ கோத்துக் காத்திருப்பர். அது வீண். கெண்டைக்குத் தாடையிற் பல் இல்லை. தொண்டைக்குள்ளேயே பல் உண்டு. அது பாய்ந்து கவ்வுவதில்லை. இரையை நீரோடு உறிஞ்சி, பிடிக்காவிடின் உடனே உமிழ்ந்துவிடும். எனவே இரை மென்மையாகவும் சிறிதாகவும் இருத்தல் வேண்டும்.

எந்த மீன் எந்த மட்டத்தில் மேயும் என்பதை அதன் வாயே சொல்லும். கட்லாவின் தலை பெரிது. வாய் மேல்நோக்கித் திறக்கும். அது நீரின் மேற்பரப்பிலே மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துண்பது. ரோகுவின் வாய் சிறிது. உதட்டின் ஓரம் குஞ்சம் கட்டியது போலிருக்கும். அது நடுநீரில் மேயும். மிரிகாலின் வாய் அகன்று கீழ்நோக்கியது. அடிச்சேற்றில் மக்கியவற்றை உண்ணும். சாதாக் கெண்டைக்கு வாயோரத்தில் இரண்டு சோடி மீசை உண்டு. அதுவும் அடியிலேயே சேற்றைக் கிளறி மேய்வது. அது கிளறுமிடத்தில் நீர் கலங்கிச் சிறு குமிழிகள் எழும்.

இதனை எழுதுபவர் தூண்டில் பழகிய காலத்தில், மீன் துள்ளக் கண்ட இடத்திலே மண்புழுவை அடியில் இறக்கி மூன்று மாலைகள் காத்திருந்ததுண்டு. மிதப்பு அசையவேயில்லை. துள்ளியவை கட்லாக்கள், புழுவோ அவற்றின் கீழே ஒரு பாகத்துக்கு மேல் ஆழத்திற் கிடந்தது. நான்காம் நாள் ஒரு முதியவர் வந்து மிதப்பைக் கீழே இழுத்து, இரையை மேற்பரப்பிலிருந்து ஒரு முழத்தில் தொங்கவிட்டார். புழுவையும் கழற்றி எறிந்து, தவிட்டுருண்டை வைக்கச் சொன்னார். அன்று பிடித்த மீனைக் காட்டிலும் அந்த ஒரு முழமே பெரிய பேறு.

இரை செய்தல்

இரைக்குக் கடையில் வாங்க வேண்டியது மிகச் சிறிது. தவிடு இரு பங்கு, இடித்த எள்ளுப் பிண்ணாக்கு அல்லது தேங்காய்ப் பிண்ணாக்கு ஒரு பங்கு, கோதுமை மா ஒரு பங்கு எடுத்துக்கொள்க. பிண்ணாக்கைச் சிறிது நீரில் ஊறவைத்து மசித்தல் வேண்டும். இங்கே பலரும் பிழைவிடுவது கோதுமை மாவில். நம் வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை அவித்து வைப்பது வழக்கம். அவித்த மாவில் ஒட்டுந்தன்மை போய்விடும். அதனாலேயே பிட்டு உதிரும். தூண்டில் இரை உதிரலாகாது. ஆகவே அவிக்காத மாவையே சேர்த்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, ரொட்டி மாவினும் சற்று இறுக்கமாகப் பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடிவைக்க.

முடிந்ததும் ஒரு சோதனை செய்க. கடலையளவு உருண்டை ஒன்றை ஒரு குவளை நீரில் இடுங்கள். பத்து நிமிடத்தில் அது ஓரம் மெல்லக் கரைந்து, நடு கரையாமல் நின்றால் இரை சரி. முற்றுங் கரைந்தால் மா போதாது; கல்லாய்க் கிடந்தால் தவிடு போதாது. கட்லாவுக்கு மாத்திரம் மாவைப் பாதியாகக் குறைத்து, வறுத்த மென்தவிட்டைக் கூட்டி, நீரில் புகைபோலப் பரவும்படி செய்தல் நன்று.

சாதாக் கெண்டைக்கும் மிரிகாலுக்கும் மண்புழு மிக ஏற்றது. வாழைப்பாத்தியிலும் கிணற்றடி வாய்க்காலோரத்திலும் எடுக்கலாம். வெங்காயம், மிளகாய்த் தோட்டத்தில் அண்மையில் மருந்தடித்த பாத்தியின் புழு வேண்டாம். ஊறவைத்து அவித்த கடலையும் சோளமணியும் நல்லவை. சிறு மீன்கள் அவற்றைக் கொத்தித் தீர்க்க மாட்டா. வங்காளத்தில் செவ்வெறும்பின் முட்டையைக் கெண்டைக்கு இரையாக வைப்பர். நமது மாமரத்துச் செவ்வெறும்பிடம் அதை முயல விரும்புவோர் தம் கைகளுக்குத் தாமே பொறுப்பு.

மருந்து இருந்த போத்தலிலோ தகரத்திலோ இரையை ஒருபோதும் வைக்கலாகாது. மருந்தடித்த நாளில் தூண்டிலுக்கு வராமலிருப்பதே மேல். சைபர்மெத்ரின் போன்ற பூச்சிகொல்லிகள் மீனுக்கு மிகச் சிறிய அளவிலும் கொடியவை. தெளிகருவியைக் குளத்திற் கழுவிய ஒருவரால் அவ்வாண்டின் மீன் முழுவதும் அழியக்கூடும்.

கோல், நூல், முள்

தொடங்குவோருக்குப் பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமான, நுனி வளையக்கூடிய மூங்கிற்கோல் போதும். நூல், தங்கூசி எனப்படும் நைலோன் நூல், தடிப்பு 0.25 முதல் 0.30 மில்லிமீற்றர். கோலின் நீளத்தினும் ஓரடி குறைவாக நூல் இருப்பின் கையாளல் எளிது. முள்ளின் எண் பெருகப் பெருக முள் சிறிதாகும் என்பதை நினைவிற் கொள்க. ரோகுவுக்கு 10ஆம் எண்ணும், ஏனையவற்றுக்கு 8 அல்லது 6ஆம் எண்ணும் பொருந்தும். முள்ளின் கூருக்கு உட்புறமாகவுள்ள மறுமுள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நூல் தளராதிருந்தால் மீன் தப்பாது. சிறிய மீனைக் காயமின்றிக் கழற்றலாம். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதிற் கழன்றுவிடும்.

முள்ளைக் கட்டும் முறை இது: நூலின் நுனியை முள்ளின் காதிற் கோத்து, நான்கு விரல் நீளம் வெளியே இழுத்து, அதனைத் தாய்நூலின்மீது ஐந்து முறை சுற்றுக. பின் நுனியை, காதின் அருகே உள்ள முதற் கண்ணியினூடாகச் செலுத்தி, முடிச்சை உமிழ்நீரால் நனைத்து மெதுவாக இறுக்குக. உலர்ந்தபடியே இறுக்கினால் நூல் சூடேறி வலுவிழக்கும். மீனோடு முள் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மிதப்புக்கு மயிலிறகின் தண்டு மிக நன்று. மெல்லிய நெட்டியும் ஆகும். முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே சிறு ஈயக்குண்டு ஒன்றைக் கடித்துப் பொருத்துக. மிதப்பின் நுனி மாத்திரம் நீருக்கு மேலே நிற்குமளவுக்கு ஈயம் இருத்தல் வேண்டும். மிதப்பு மிகுதியாக வெளியே நின்றால், கெண்டை உறிஞ்சும்போது அதன் இழுவையை உணர்ந்து இரையை உமிழும்.

இனி ஆழம் அளத்தல். முள்ளில் சற்றுக் கனமான ஈயத்துண்டைக் கோத்து, பிடிக்கப்போகும் இடத்தில் இறக்குக. மிதப்பு மூழ்கினால் அதனை மேலே நகர்த்துக. சாய்ந்து கிடந்தால் கீழே நகர்த்துக. நுனி நீரோடு நிமிர்ந்து நிற்கும் இடமே குளத்தின் ஆழம். அதிலிருந்து கணக்கிட்டு, மிரிகாலுக்கும் சாதாக் கெண்டைக்கும் இரை அடியைத் தொட்டும், ரோகுவுக்கு நடுநீரிலும், கட்லாவுக்கு மேலிருந்து ஒரு முழத்திலும் நிற்கச் செய்க.

காற்று மிகுந்த நாளில் மிதப்பு நில்லாது. அப்பொழுது துளையுள்ள ஈயத்தினூடாக நூலைக் கோத்து, அது முள்ளின்மேல் இறங்காதபடி ஒரு சாண் தூரத்திற் சிறு குண்டொன்றைத் தடையாக இட்டு, அடியிற் கிடக்கவிடலாம். மீன் இரையை எடுத்துச் செல்லும்போது நூல் ஈயத்தினூடாக ஓடும். கனம் மீனுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டை அண்டி மற்றொரு உத்தி பரவிற்று. இரையை முள்ளிற் குத்தாமல், முள்ளின் அடியிலிருந்து தொங்கும் மெல்லிய இழையிற் கோப்பர். இரையை உறிஞ்சி உமிழும்போது, மறைவற்ற முள் உதட்டில் ஏறிவிடும். அவித்த கடலையைக் கொண்டு சாதாக் கெண்டைக்கு இதனை முயன்று பார்க்கலாம்.

குளக்கரையில்

விடியற்புறமும் மாலையும் ஏற்ற வேளைகள். கெண்டையின் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிற்றெலும்புத் தொடர் ஒன்றுண்டு. அதனால் அதற்குச் செவிப்புலன் கூர்மை. கரையில் மண்வெட்டியைத் தொப்பென்று போடுவோர் அரை மணி நேரம் வீணே இருக்க நேரும்.

இரையிடும் இடத்தில் முன்னரே சிறிது தவிடு தூவி மீனைச் சேர்க்கலாம். ஒரு சிரட்டையளவே போதும். எஞ்சிய தீன் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். வற்றிவரும் குளத்தில் அது பேராபத்து. விடியலில் மீன்கள் மேலே வந்து வாய்திறந்து காற்றை விழுங்கக் கண்டால் அன்று எதுவும் தூவாதீர்கள், தூண்டிலும் வேண்டாம். கமக்காரர் அமைப்புக்கு உடனே அறிவியுங்கள். புதுநீர் பாய்ச்சவோ, மீனை முன்னதாக எடுக்கவோ அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

மிதப்பு படபடவென்று நடுங்கினால் சிறு மீன் கொத்துகின்றது, பொறுத்திருங்கள். அது ஒருபக்கமாக நகர்ந்து அமிழ்ந்தாலோ, திடீரென மேலெழுந்து சாய்ந்தாலோ கெண்டை இரையை எடுத்துவிட்டது. மணிக்கட்டால் மெல்ல உயர்த்துக. வெட்டியிழுத்தால் ரோகுவின் மென்மையான உதடு கிழியும். மாட்டிய பின் கோலை உயர்த்திப் பிடித்து, நூல் தளராமல், கோலின் வளைவே மீனைக் களைக்கச் செய்யவிடுங்கள். அத்தாங்கை நீருக்குள் முன்னரே தாழ்த்தி வைத்து, மீனை அதன்மேல் கொணர்ந்து தூக்குக.

மார்கழி, தையில் விட்ட குஞ்சுகளைச் சித்திரை கழியும்வரை தொடாதிருத்தல் நன்று. அதற்குப் பின்னும் ஒரு சாணுக்குக் குறைந்தவற்றைத் திருப்பிவிடுக. கையை நனைத்த பின்னரே தொடுதல் வேண்டும்; உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், புண் பற்றும். நீர் முழங்காலளவுக்கு இறங்கிய பின் இக்கட்டுப்பாடு பொருந்தாது. அப்போது எஞ்சியவை வெயிலிற் சாவதிலும் பிடிபடுவதே மேல். அன்று அமைப்பினர் வலையிடட்டும்.

மண் அகழ்ந்த குளங்களில் இரண்டடிக்கு அப்பால் திடீர்ப் பள்ளம் இருக்கலாம். பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். மின்கம்பி செல்லும் இடத்தில் நனைந்த கோலை நிமிர்த்தலாகாது. அறுந்த தங்கூசியைக் கரையில் விடாது சுருட்டி எடுத்துச் செல்க. கொக்கின் காலிலும் மேயும் மாட்டின் வாயிலும் அது சிக்கும்.

கடல்மீன் உண்டு பழகிய நாவுக்குக் குளத்து மீன் சேற்று மணம் உடையதாய்த் தோன்றும். குடலை உடனே நீக்கி, வயிற்றின் உட்புறக் கருந்தோலைச் சுரண்டி, துண்டுகளை உப்பும் பழப்புளியும் கரைத்த நீரிற் கால்மணி நேரம் இட்டுக் கழுவினால் அம்மணம் பெரிதுங் குறையும். தசையினுள் கவர்முள் மிகுதி. பொரிப்பதாயின் இருபுறமும் நெருக்கமாகக் கீறிக்கொள்க, சிறுவருக்குக் கொடுக்கும்போது முள்ளைப் பார்த்தெடுத்துக் கொடுக்க.