முதலில் அவள் பெயரைச் சொல்

அன்புள்ள கயல்,

அடிமை வணிகத்தை எதிர்த்து நின்ற ஆப்பிரிக்கர்களின் படக்கதையை ஐந்தாம் வகுப்புக்கு வாசிக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். சங்கிலி பூட்டிய ஆட்களின் படத்தோடு மட்டும் தொடங்கிவிடாதே. முதலில் பார்ப்பதுதான் பிள்ளைகள் மனத்தில் தங்கும். மார்குரு என்ற பெயரைச் சொல்லித் தொடங்கு.

மோனிகா எடிங்கர் எழுதி, ராபர்ட் பேர்ட் படம் வரைந்த ‘ஆஃப்ரிக்கா இஸ் மை ஹோம்’ (2013) அவள் கதைதான். இன்றைய சியரா லியோன் பக்கத்துச் சிறுமி. கடனுக்காக அப்பாவே அவளை அடகு வைத்தார். கடன் அடையாததால் விற்றுவிட்டார்கள். இதை மறைக்காதே. அடகு என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

1839இல் கியூபா கடலில் அமிஸ்டாட் என்ற கப்பலில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட 53 ஆப்பிரிக்கர்களில் நாலு பேர் குழந்தைகள், மார்குரு அவர்களில் ஒருத்தி. அந்த ஆப்பிரிக்கர்களில் ஒருவரான செங்பே பியே ஓர் ஆணியால் பூட்டைத் திறந்தார். கரும்பு வெட்டும் கத்திகளோடு கப்பலைக் கைப்பற்றினார்கள். கேப்டனும் சமையல்காரரும் கொல்லப்பட்டார்கள். “கொல்றது தப்பில்லையா மிஸ்?” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே, அவர்களே பேசட்டும். அதன் பிறகு 1841இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொல்: இவர்கள் அடிமைகளும் அல்ல, கொள்ளையரும் அல்ல, கடத்தி வரப்பட்ட சுதந்திர மனிதர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. பிடிபட்டு அமெரிக்கச் சிறையில் இருந்தபோது அவர்கள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. ஜோசையா கிப்ஸ் என்ற பேராசிரியர் விரல்களைக் காட்டிக் காட்டி, ஒன்று முதல் பத்துவரை அவர்களுடைய மெண்டே மொழியில் கற்றுக்கொண்டார். நியூயார்க் துறைமுகத்தில் அதையே உரக்க எண்ணியபடி நடந்தார். ஒருநாள் ஜேம்ஸ் கோவி என்ற மாலுமிக்குப் புரிந்தது. அவரும் ஒருகாலத்தில் அடிமையாக விற்கப்பட்டவர். நீதிமன்றத்தில் அவர்கள் குரல் கேட்டது அவர் வாய்வழியேதான். சாவா, நானி, லோலு: மூன்று, நாலு, ஐந்து. வகுப்பே விரல் நீட்டி எண்ணட்டும். நானி என்றால் நாலு, மறக்கவே மறக்காது.

இன்னொன்று. மார்குருவின் குரலில் ஓடும் அந்தக் கதையில் ஆசிரியரின் கற்பனையும் கலந்திருக்கிறது. வழக்கு நடந்தபோது நியூ ஹேவனில் வில்லியம் டவுன்சென்ட் அவர்களைப் பென்சிலால் வரைந்தார். மார்குருவின் முகமும் அதில் உண்டு. பேர்டின் படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து, எது பார்த்து வரைந்தது, எது நினைத்து வரைந்தது என்று பிள்ளைகளையே கேள்.

ஊர் திரும்பிய மார்குரு, பிறகு அமெரிக்கா வந்து ஓபர்லினில் படித்தாள். மறுபடி சியரா லியோன் போய் உன்னைப் போலவே டீச்சரானாள். பென்சில் படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிதாக அச்செடுத்துக்கொள், கடைசி பெஞ்சுக்கும் அவள் கண் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அத்தை