மூன்று தீப்பெட்டிகளும் ஒரு நிலக்கடலையும்

கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சம் இராது. ஒரே மாதிரியான மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு நிலக்கடலைப் பருப்பை வையுங்கள். மற்ற இரண்டையும் காலியாக விடாமல் ஒவ்வொரு புளியங்கொட்டையைப் போட்டு மூடுங்கள். காலியாக விட்டால் உங்கள் நண்பன் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தே கடலையைக் கண்டுபிடித்துவிடுவான்!

ஆட்டம் இதுதான். நண்பன் ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டுகிறான். அதைத் திறக்கக் கூடாது. மீதி இரண்டில் ஒன்றை நீங்கள் திறந்து, உள்ளே புளியங்கொட்டை இருப்பதைக் காட்டுகிறீர்கள். பிறகு, "தொட்ட பெட்டியே போதுமா, மற்றதற்கு மாறிக்கொள்கிறாயா?" என்று கேட்கிறீர்கள். அவன் முடிவாகச் சொல்லும் பெட்டியில் கடலை இருந்தால் அவனுக்கு ஒரு கடலை மிட்டாய். (2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயாகவே இருக்கட்டும்.)

நண்பன் மாற வேண்டுமா, வேண்டாமா?

"இரண்டு பெட்டிதானே பாக்கி? எதை எடுத்தாலும் பாதிக்குப் பாதி" என்றுதான் பெரும்பாலோர் சொல்வர். நீங்களும் அப்படி நினைத்தால் வெட்கப்பட வேண்டாம். உலகப் புகழ் பெற்ற கணித மேதைகளே அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறார்கள்.

இந்தப் புதிர் ஒரு தொலைக்காட்சி விளையாட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு டிசம்பரில் 'லெட்ஸ் மேக் எ டீல்' என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. அதை நடத்தியவர் மான்ட்டி ஹால். மூடிய கதவுகளுக்கும் பெட்டிகளுக்கும் பின்னால் பரிசை ஒளித்து வைத்து, வந்தவர்களோடு பேரம் பேசுவது அவர் வேலை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் இதைத் தழுவி 1975-இல் 'தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிஷியன்' என்ற இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று பெட்டிகள், ஒன்றில் கார்ச் சாவி. மாறினால் வெற்றி வாய்ப்பு இரண்டு மடங்கு என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். 1990 செப்டம்பரில் 'பரேடு' வார இதழில் மர்லின் வாஸ் சவாண்ட் என்ற அம்மையார் இதே விடையைச் சொன்னதும் பெரிய புயலே வீசியது. அவருக்குச் சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் கடிதங்கள் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. பெரும்பாலானவை, "நீங்கள் சொல்வது தவறு" என்றே கூறின. அம்மையாரோ பள்ளி மாணவர்களைச் சோதனை செய்து பார்க்கச் சொன்னார். பல பள்ளிகளில் செய்தும் பார்த்தார்கள். அம்மையார் சொன்னதே சரியாக வந்தது.

ஏன் என்று பார்ப்போம். 300 ஆட்டம் ஆடுவதாகக் கொள்ளுங்கள். நண்பன் முதலில் தொடும் பெட்டியில் கடலை இருப்பது சராசரியாக 100 ஆட்டங்களில். மீதி 200 ஆட்டங்களில் அவன் தொட்டது புளியங்கொட்டைப் பெட்டி. அந்த 200-லும் நீங்கள் திறக்கக்கூடிய பெட்டி ஒன்றே ஒன்றுதான். ஏனெனில் மற்றதில் கடலை இருக்கிறது, அதை நீங்கள் திறக்கமாட்டீர்கள். ஆக, நீங்கள் திறக்காமல் விட்ட பெட்டியில்தான் கடலை. மாறுகிறவன் 200 ஆட்டங்களில் வெல்வான். மாறாதவன் 100 ஆட்டங்களில் மட்டும். நிகழ்தகவு முறையே 2/3, 1/3.

இத்துடன் கதை முடிந்தது என்று பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. எனக்கு இதன் பிறகு வருவதுதான் சுவையாகப் படுகிறது.

ஓர் அக்காளும் தம்பியும் இந்த ஆட்டத்தைக் கணிப்பொறியில் ஆடவைக்க முயல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு நிரல் எழுதுகிறார்கள். இருவருடைய நிரலிலும் தொடக்கம் ஒன்றே: 1 முதல் 3 வரை ஒரு சமவாய்ப்பு எண்ணை எடு, அது கடலைப் பெட்டி. இன்னொரு சமவாய்ப்பு எண்ணை எடு; அது ஆட்டக்காரர் தொட்ட பெட்டி. பிறகு ஒரு பெட்டியைத் திற. ஆட்டக்காரரை மற்றதற்கு மாற்று. வென்றால் கணக்கில் ஒன்று கூட்டு. இப்படி 10,000 முறை செய்.

அக்காளின் கணிப்பொறி நூற்றுக்கு ஏறத்தாழ 67 வெற்றி என்கிறது. தம்பியின் கணிப்பொறியோ 50 என்கிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அப்படியே!

"அக்கா, ஒன் புரோகிராம்ல எங்கேயோ தப்பு இருக்கு."

"நீ பெட்டியத் திறக்குற எடத்த எப்பிடி எழுதியிருக்க, காட்டு."

தம்பி எழுதியிருந்தது: 'ஆட்டக்காரர் தொடாத இரண்டு பெட்டிகளில் ஒன்றைச் சமவாய்ப்பு முறையில் திற. கடலை வெளிப்பட்டுவிட்டால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.' அக்காள் எழுதியிருந்தது: 'ஆட்டக்காரர் தொட்டதும் அல்லாத, கடலை உள்ளதும் அல்லாத பெட்டியைத் திற.'

"ஏல, நீ பெட்டி திறக்குறவரோட கண்ணக் கட்டிவிட்டிருக்க!" என்றாள் அக்காள்.

தம்பியின் 300 ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். 100 ஆட்டங்களில் முதல் பெட்டியிலேயே கடலை. எதைத் திறந்தாலும் புளியங்கொட்டைதான். மீதி 200-இல், கண்ணைக் கட்டிக்கொண்டு திறப்பதால், 100 முறை கடலையே வெளிப்பட்டுவிடும். அவற்றைத் தம்பி தள்ளிவிட்டான். மிஞ்சியவை 200 ஆட்டங்கள். அவற்றில் மாறாதிருந்தால் வெற்றி 100, மாறினால் வெற்றி 100. சரிபாதி! தம்பி தள்ளிவிட்ட 100 ஆட்டங்களைத் தோல்வி என்று சேர்த்திருந்தால், மாறுகிறவனுக்கு 300-க்கு 100, அதாவது மூன்றில் ஒன்று. மூன்றாவதாக ஒரு விடை கிடைத்துவிட்டது.

இருவர் நிரலிலும் பிழை இல்லை. இருவரும் வெவ்வேறு ஆட்டங்களை ஆடியிருக்கிறார்கள், அவ்வளவே. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெட்டி திறக்கிறது, புளியங்கொட்டை தெரிகிறது, 'மாறுகிறாயா?' என்ற கேள்வி வருகிறது. திறந்தவருக்கு உள்ளே இருப்பது தெரியுமா என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

நம் கரிசல் காட்டு விவசாயிக்கும் பருத்தி வியாபாரிக்கும் இது நன்றாகவே தெரிந்த சங்கதி. தாட்டிலிருந்து விற்பவர் தாமே அள்ளிக் காட்டும் பருத்தி ஒன்று. வாங்குபவர் தம் கையை உள்ளே விட்டு எடுக்கும் பருத்தி மற்றொன்று. இரண்டு கைப்பிடியும் ஒரே வெண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வாரா வியாபாரி?

மனிதர்களுக்கு விதி சொல்லும்போது நாம் பலவற்றைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். கேட்பவர் தாமாக நிரப்பிக்கொள்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக. கணிப்பொறி எதையும் தாமாக நிரப்பிக்கொள்வதில்லை. 'ஒரு பெட்டியைத் திற' என்றால் எந்தப் பெட்டியை என்று நாம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்போதுதான் விதியில் இருந்த ஓட்டை நமக்கே தெரிகிறது.

இன்னொரு ஓட்டையைப் பாருங்கள். திறப்பவர் கட்டாயம் திறக்க வேண்டுமா? அவர் விருப்பமா? அவர் பொல்லாதவராக இருந்து, நீங்கள் சரியான பெட்டியைத் தொட்டபோது மட்டும் 'மாறுகிறாயா?' என்று ஆசை காட்டினால், மாறுகிறவன் ஒருமுறைகூட வெல்லமாட்டான். இது வெறும் கற்பனையன்று. 1991-இல் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் மான்ட்டி ஹாலை அவர் வீட்டிலேயே சந்தித்து, அவரோடு இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தார். பணத்தைக் காட்டியும் பேச்சாலும் மனத்தைத் திருப்பி, மாறுகிறவரை ஹால் தோற்கடித்துக் காட்டினார். திறந்தே ஆக வேண்டும், மாறும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தால் மட்டும் மாறுங்கள். இல்லையேல் எச்சரிக்கை என்பதே அவர் சொன்னதன் சாரம். பல ஆண்டுகளாகப் பேரம் பேசியவர் அல்லவா!

மூன்றாவது ஓட்டை நுட்பமானது. நண்பன் தொட்ட பெட்டியிலேயே கடலை இருந்தால், உங்களுக்குத் திறக்க இரண்டு பெட்டிகள் இருக்கும். எதைத் திறப்பீர்கள்? சோம்பலால் எப்போதும் எண் குறைந்த பெட்டியையே திறப்பவர் நீங்கள் என்று வையுங்கள். நண்பன் தொட்டது 1. நீங்கள் 3-ஐத் திறந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: 2-இல் கடலை. மாறினால் வெற்றி உறுதி. 2-ஐத் திறந்தாலோ, கடலை 1-இலும் இருக்கலாம், 3-இலும் இருக்கலாம், சரிபாதி. மொத்தத்தில் மாறுகிறவன் வெல்வது 300-க்கு 200 என்பது மாறவில்லை. ஆனால் உங்கள் பழக்கத்தைக் கவனித்துவிட்ட நண்பனுக்குச் சில ஆட்டங்களில் விடை கைமேல் கிடைத்துவிடும். அக்காளின் நிரலிலும் இந்த இடம் எழுதப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு வருவோம். நெதர்லாந்தில் பிறந்த ஒரு பெட்டி விளையாட்டு, பல நாடுகளுக்குப் பரவி, 2010-களின் தொடக்கத்தில் சன் தொலைக்காட்சியில் 'டீலா நோ டீலா' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அதன் அமெரிக்கப் பதிப்பில் 26 பெட்டிகள். ஆட்டக்காரர் ஒன்றைத் தமக்கென வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். கடைசியில் இரண்டு பெட்டிகள் எஞ்சி, பெரும்பரிசும் இன்னும் வெளிப்படாமல் இருந்தால், தம் பெட்டியை மாற்றிக்கொள்ளலாமா?

மான்ட்டி ஹால் புதிரை அரைகுறையாகப் படித்தவர்கள், "மாறு, மாறு! 26-க்கு 25 வாய்ப்பு" என்பார்கள். 2,600 ஆட்டங்களை எண்ணுவோம். 100-இல் பெரும்பரிசு ஆட்டக்காரரின் பெட்டியில். இன்னொரு 100-இல் கடைசியாக எஞ்சும் மற்றொரு பெட்டியில். மீதி 2,400-இல் பெரும்பரிசு வழியிலேயே திறக்கப்பட்டுவிடும். ஆகவே கடைசி வரை அது தப்பி வந்த 200 ஆட்டங்களில் பாதிக்குப் பாதிதான். மாறுவதால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. காரணம், பெட்டிகளைத் தேர்ந்தவர் ஆட்டக்காரரே. அவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. தம்பியின் நிரல் இங்கே அப்படியே பொருந்துகிறது. உள்ளதை அறிந்த ஒருவர் பெரும்பரிசை விலக்கி விலக்கி 24 பெட்டிகளைத் திறந்திருந்தால் மட்டுமே மாறுகிறவர் 2,600-க்கு 2,500 வெல்வார்.

முதலில் மேதைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஹங்கேரியில் பிறந்த பால் எர்டிஷ் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணித அறிஞர்களுள் ஒருவர். நிகழ்தகவைக் கருவியாக்கிப் பல தேற்றங்களை நிறுவியவர். 1995-இல் அவருடைய நண்பர் ஆண்ட்ரூ வாசோனி இந்தப் புதிரின் விடையைச் சொன்னபோது எர்டிஷ் ஒப்புக்கொள்ளவே இல்லை. காகிதத்தில் காட்டிய விளக்கம் பலிக்கவில்லை. வாசோனி தம் கணிப்பொறியில் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டிய பிறகே அவர் இறங்கிவந்தார். அப்போதும் 'ஏன்' என்பது விளங்கவில்லை என்று அவருக்குக் குறைதான். புறாக்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இதே ஆட்டத்தில் பழக்கிய புறாக்கள் நாளடைவில் மாறுவதையே வழக்கமாக்கிக்கொண்டன. மனிதர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை!

கணிப்பொறி இல்லாதவர்கள் தீப்பெட்டியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பத்து ஆட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 30 ஆட்டங்களில் மாறுகிறவனுக்கு 20 வெற்றி வர வேண்டும் என்றாலும், 15-க்கும் 25-க்கும் இடையில் எதுவும் வரலாம். 15 வந்தால், "பாதிக்குப் பாதிதான்" என்று நண்பன் குதிப்பான். வகுப்பில் 40 பேர் ஆளுக்கு 30 ஆடி, 1,200 ஆட்டங்களின் முடிவைக் கூட்டிப் பாருங்கள். 800-ஐ ஒட்டி வரும். 750-க்குக் கீழே போவது மிக அரிது.

பெட்டிகளை ஒளித்து வைப்பவர் கையால் மாற்றி மாற்றி வைத்தால் போதாது. நம் கை பெரும்பாலும் நடுப்பெட்டியைத் தேடும்; அல்லது சென்ற முறை வைத்த இடத்தைத் தவிர்க்கும். தாயக்கட்டையோ பகடையோ உருட்டி, 1, 2 விழுந்தால் முதல் பெட்டி, 3, 4 விழுந்தால் இரண்டாவது, 5, 6 விழுந்தால் மூன்றாவது என்று வையுங்கள். (தாயக்கட்டையானால் நான்கு பக்கம்தான், நான்காவது பக்கம் விழுந்தால் மறுபடி உருட்டுங்கள்.)

இது சரியாக வந்துவிட்டால், நான்கு தீப்பெட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கடலை. நண்பன் ஒன்றைத் தொடுகிறான். உள்ளதை அறிந்த நீங்கள் கட்டாயம் ஒரு புளியங்கொட்டைப் பெட்டியைத் திறக்கிறீர்கள். மீதியுள்ள இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு அவன் மாறினால் வெற்றி வாய்ப்பு என்ன? 800 ஆட்டங்களாக எண்ணிப் பாருங்கள். விடை 3/8 என்று வரவில்லையானால், எழுதாமல் விட்ட விதி எது என்று தேடுங்கள்.