முழங்கை ஊரும் ஐந்து மூலைத் தீவும்

அன்புள்ள மதி,

கையை மடக்கி முழங்கையைப் பார். இத்தாலியின் கிழக்குக் கரை ஏட்ரியாட்டிக் கடலுக்குள் ஓரிடத்தில் அப்படித்தான் புடைத்து நிற்கிறது. கி.மு. 387 வாக்கில் சிராகூஸிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர்கள் அந்த இடத்துக்கு முழங்கை என்றே பெயரிட்டார்கள். அவர்கள் மொழியில் அது 'அங்கோன்', இன்று அங்கோனா. கோடையில் அந்த ஊரில் சூரியன் கடலில் உதித்துக் கடலிலேயே மறையும்.

மடக்கிய கைக்குள் அலை அடங்கிக் கிடக்கும். ரோமப் பேரரசர் டிராஜன் அங்கே துறைமுகத்தை விரிவாக்கினார். அதற்கு நன்றியாகக் கி.பி. 115இல் எழுந்த பளிங்கு வளைவு இன்னும் கப்பல் துறையோரம் நிற்கிறது.

நல்ல துறைமுகத்தின்மேல் எல்லோருக்கும் கண். 1173இல் தரைப்பக்கம் ஜெர்மானியப் பேரரசரின் படையும் கடல்பக்கம் வெனிஸின் கப்பல்களும் அங்கோனாவை வளைத்துக்கொண்டன. உள்ளே பட்டினி. ஸ்தாமிரா என்ற கைம்பெண் மதிலுக்கு வெளியே ஓடி, தார்ப் பீப்பாயைக் கொளுத்தி எதிரியின் முற்றுகைப் பொறிகளை எரித்ததாக அந்த ஊர் இன்றும் சொல்கிறது. கடைசிவரை ஊர் பணியவில்லை.

பின்னாளில் அதைப் பணிய வைத்தது எதிரியின் முற்றுகை அல்ல, சொந்தக் கோட்டைதான். துருக்கியரைத் தடுக்க என்று சொல்லிக் குன்றின்மேல் கட்டிய அந்தக் கோட்டையைக் கொண்டே 1532இல் போப்பின் படை நகரத்தைக் கைப்பற்றியது. அங்கோனாவின் சுதந்திரம் அத்துடன் போயிற்று.

இருநூறு ஆண்டுகள் கழித்து அங்கே எழுந்த இன்னொரு கோட்டையைத்தான் நீ மறக்கக் கூடாது. 1732இல் போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் அங்கோனாவைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார். கப்பல்கள் கூடினால் கொள்ளைநோயும் கூடவே வரும். ஆகவே கட்டடக் கலைஞர் லூயிஜி வான்விதெல்லி கடலுக்குள் ஒரு செயற்கைத் தீவை எழுப்பி, அதன்மேல் ஐந்து மூலைக் கட்டடம் ஒன்றை அமைத்தார். வந்திறங்கியவர்களும் அவர்களுடைய சரக்கும் அங்கேயே ஒதுங்கி இருந்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே ஊருக்குள் போகலாம். முற்றத்தின் நடுவே, கொள்ளைநோயிலிருந்து காப்பவராக மக்கள் நம்பிய புனித ரோக்கின் சிறு கோயில்; அதன் அடியில் மழைநீர்த் தொட்டிகள். நாலாபுறமும் கடல் இருந்தும் குடிக்க மழையை நம்ப வேண்டிய இடம் அது.

பின்னாளில் அது படைவீடாயிற்று, சர்க்கரை ஆலையாயிற்று, புகையிலைக் கிடங்கும் ஆயிற்று. இப்போது பார்வையற்றோரை மனத்தில் வைத்து அமைத்த ஓமேரோ அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. ஒருவரை ஒருவர் தொடக் கூடாது என்று எழுப்பிய சுவர்களுக்குள், வருகிறவர்கள் சிலைகளின் முகத்தையும் தோளையும் விரலால் தடவித் தடவி அறிந்துகொள்கிறார்கள்.

அன்புடன்,
அத்தை