சுவடி பார்க்கப் போகிறீர்களா?

மைசூரிலிருந்து மேல்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். ராமானுஜர் தங்கிய திருநாராயணபுரம் இதுதான். கோயில் உற்சவரான செல்வப் பிள்ளையைச் சேவித்த கையோடு, அதே மலையூரில் உள்ள சம்ஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கல்லூரி மாணவர்கள் போய் வரலாம். ஓலைச்சுவடிகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடம் அது.

திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரிக்கவும். அடையாள அட்டையோடு கல்லூரி முதல்வரின் கடிதமும் இருந்தால் வேலை சுலபம்.

குறிப்பெடுக்கப் பென்சிலே நல்லது. பேனா மை ஓலையில் பட்டால் போகாது. படம் எடுக்க அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். எழுத்து தெரியவில்லையா? எழுத்தாணியால் கீறிய எழுத்து, கரி பூசித் துடைத்தால்தான் பளிச்சென்று தெரியும். அதை ஊழியர்கள் செய்யட்டும்! சுவடி எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், மறுமுறை தேட அதுவே சுலபமான வழி.

மைசூரில் 1891-ல் கீழ்த்திசை நூலகமாகத் தொடங்கிய கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தையும் விடாதீர்கள். நூலகர் சாமா சாஸ்திரி 1905-ல் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரச் சுவடியை அடையாளம் கண்டது அங்கேதான்; 1909-ல் அச்சிட்டார். அந்தச் சுவடி கிரந்த எழுத்தில் இருந்தது. தமிழ் படித்தவர்களுக்குப் பாதி எழுத்து பழகியதாகவே தோன்றும்.