இரண்டு மூன்று துளி இரத்தம், இரண்டு நிமிடம்



பள்ளி அறிவியல்கூடத்தில் பிஎச் மீட்டரைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அளக்கும் முன், பிஎச் மதிப்பு தெரிந்த ஒரு கரைசலில் அதை விட்டுச் சரிபார்க்கும்படி ஆசிரியர் வற்புறுத்தியிருப்பார். (என் மாணவர்கள் தாண்டிப் போக நினைக்கும் படி அதுதான்!) மருத்துவமனை அவசரப் பிரிவில் தாதியர் கையில் பிடித்திருக்கும் இரத்தப் பகுப்பாய்வுக் கருவி அந்தப் படியை ஒருபோதும் தாண்டாது. ஏன் என்று பார்ப்போமா?

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் டயாலிசிஸுக்குப் போகத் தவறிவிட்டார். மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருக்கும். அது 7 வரை ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். ஆய்வகத்தின் முடிவுக்குக் காத்திருப்பது ஆபத்து.

இத்தகைய வேளையில்தான் 'ஐ-ஸ்டாட்' போன்ற கையடக்கக் கருவி உதவுகிறது. மணிக்கட்டுத் தமனியில் எடுத்த இரத்தத்தில் இரண்டு மூன்று துளிகளைச் சிறிய கார்ட்ரிஜில் விட்டு, அதைக் கருவிக்குள் செருகுவார்கள். கருவி முதலில் இரத்தத்தைத் தொடாது. கார்ட்ரிஜுக்குள் இருக்கும் சிறு பையை உடைத்து, அளவு தெரிந்த கரைசலை உணரிகளின்மேல் ஓடவிடும். அதை அளந்த பிறகே இரத்தத்தை அங்கே தள்ளும். வெப்பநிலை மாறினால் அளவீடும் மாறும் என்பதால் எல்லாம் 37 பாகை செல்சியசில் நடக்கும்.

பொட்டாசியத்தை மட்டும் அது எப்படி அடையாளம் காண்கிறது? உணரியின்மேல் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் பெரும்பாலும் வாலினோமைசின் என்ற வளைய மூலக்கூறைச் சேர்ப்பார்கள். மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் பொருள் இது. வளையத்தின் நடுக்குழி பொட்டாசிய அயனிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும். சோடிய அயனி அதைவிடச் சிறியது. அங்கே சரியாக ஒட்டாது. பொட்டாசியம் சவ்வில் சேரச் சேர மின்னழுத்தம் மாறுகிறது. செறிவு 10 மடங்கானால் மாற்றம் ஏறக்குறைய 61 மில்லிவோல்ட். 4 மில்லிமோல் 6 ஆக ஏறினால் வெறும் 11 மில்லிவோல்ட்! ஓர் உயிரின் நிலை இவ்வளவு சிறிய மாற்றத்தில் தெரிகிறது. தெரிந்த கரைசலோடு ஒப்பிடாமல் இதை நம்ப முடியுமா?

கரிவளியை அளக்க வேறு உத்தி. அது ஒரு சவ்வைக் கடந்து உள்ளிருக்கும் கரைசலில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்தக் கரைசலின் பிஎச் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் போதும். உயிர்வளிக்கு மின்னழுத்தத்தை அல்ல, மின்னோட்டத்தை அளக்கிறார்கள்: சவ்வைக் கடந்த உயிர்வளி மின்முனையில் எலக்ட்ரான்களைப் பெறும்போது மின்னோட்டம் உண்டாகிறது. 1950களில் லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இது. பைகார்பனேட்டைக் கருவி அளப்பதே இல்லை. பிஎச், கரிவளி இரண்டையும் வைத்துக் கணக்கிட்டுக்கொள்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவியும் ஏமாறும். சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இரத்தத்தை வேகமாக உறிஞ்சி எடுத்தால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசியும். நோயாளிக்கு ஒன்றுமில்லாவிட்டாலும் திரையில் 6.5 என்று காட்டும். ஆய்வகத்தில் அணுக்களைப் பிரித்தெடுப்பதால் நீர்மம் சிவந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முழு இரத்தத்தையே அளக்கும் பெரும்பாலான கையடக்கக் கருவிகளால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. ஊசிக்குழலில் காற்றுக்குமிழி தங்கினாலும் வளிம அளவுகள் பிசகும். அதனால் எண் சந்தேகத்தைக் கிளப்பினால் மருத்துவர் இதயத்துடிப்பு வரைபடத்தைப் பார்ப்பார். மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்வார்.

உங்களுக்கு ஒரு கணக்கு. செறிவுகளின் விகிதத்தைக் கால்குலேட்டரில் தட்டி, 'லாக்' எடுத்து, 61ஆல் பெருக்குங்கள். சோடியம் 140இலிருந்து 130 மில்லிமோலாக இறங்கினால் மின்னழுத்தம் எத்தனை மில்லிவோல்ட் மாறும்? விடை ஏறக்குறைய 2.