பசி வேறு, இச்சை வேறு

வேதபாடம்: எண்ணாகமம் 11, யாத்திராகமம் 16, யோவான் 6



மீள்குடியேற்றம் நடந்த 2007இல், பனிச்சங்கேணியில் ஒரு மாலை ஜெபக்கூட்டம். அப்பம் மட்டும் மனிதனுக்குப் போதாது என்று ஆண்டவர் சோதனைக்காரனுக்குச் சொன்ன பதிலை எடுத்து நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: “ஐயா, அந்த வசனம் சாப்பிட்ட ஆக்களுக்கா, சாப்பிடாத ஆக்களுக்கா?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு ஜெபம் பண்ணி முடித்துவிட்டு வந்துவிட்டோம். இந்தப் பாடம் அந்தக் கேள்விக்குப் பிந்திய பதில்.

அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. 1990இல் காட்டுக்குள் ஓடியவர்கள் நீங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டையும் தோணியையும் கொண்டுபோனது. பனிச்சங்கேணிப் பாலமும் சேதமாகி வாகரைப் பாதை துண்டிக்கப்பட்டது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு மூண்ட சண்டையில் மூதூர், ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகல் கடந்து வாகரைக்கு வந்தது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் போதிய அரிசி இல்லை. நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து பலர் இறந்தனர். பிறகு காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் றிதிதென்னைக்கும் வாழைச்சேனைக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். இப்படி நடந்து வந்தவர்களிடம் போய், சாப்பாட்டைப் பற்றி நினைக்காதீர்கள் என்று போதிப்பது சுவிசேஷமாகாது.

மத்தேயு 4ஐ ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அந்த வார்த்தையைச் சொன்னவர் 40 நாள் சாப்பிடாதவர். தன்னுடைய பசியைக் குறித்தே அவர் அதைச் சொன்னார். பசித்த இன்னொருவரிடம் அவர் அந்த வசனத்தைச் சொன்னதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஓரிடமும் இல்லை. பசித்த கூட்டத்தைக் கண்டபோது, சனத்தை அனுப்பிவிடலாம் என்ற சீஷர்களிடம், நீங்களே சாப்பாடு கொடுங்கள் என்றுதான் சொன்னார். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பியபோதும், பிள்ளைக்கு ஏதும் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். ஆகவே பசி பாவமல்ல. பசித்தவனுக்கு முதலில் சோறு.

பின்னே, வேதம் கண்டிக்கிற இச்சை எது? அதற்கு எண்ணாகமம் 11க்குப் போகவேண்டும்.

இஸ்ரவேலரும் இடம்பெயர்ந்த சனந்தான். கூடாரத்தில் இருந்தார்கள், அவர்களுக்கும் பங்கீடு இருந்தது. மன்னா கொத்தமல்லி விதையளவில் கிடந்தது. அதைப் பொறுக்கி, திரிகையில் அரைத்து அல்லது உரலில் இடித்து, வேகவைத்து அப்பமாகச் சுட்டார்கள். நமது பெண்கள் நிவாரணக் கோதுமை மாவில் ரொட்டியும் பிட்டும் மாறி மாறிச் செய்த கதைதான். ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லீற்றர். பட்டினி கிடந்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் ஒருநாள் கூடார வாசல்களில் நின்று குடும்பம் குடும்பமாக அழுதார்கள். எகிப்தின் மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, வெங்காயம், உள்ளி என்று பெயர் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இதை வாசித்து அவர்களைப் பழிக்க எங்களுக்கு மனம் வராது. முகாமில் பருப்பும் சோறும் நூறாவது தரம் தின்னும்போது, களப்பு இறாலும் எருமைத் தயிரும் சேனைச் சோளனும் நினைவில் வராதவர் யார்? ஊரின் நாவுருசி ஊரின் நினைவுதான். கோளாறு இன்னோரிடத்தில் இருந்தது. மீன் சும்மா கிடைத்தது என்றார்கள். அங்கே சுமந்த செங்கல்லை மறந்துபோனார்கள். இச்சை நமக்கு ஞாபகமறதியை உண்டாக்குகிறது. கையிலிருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவரும் தெரியாமல் போகிறார்.

அழுகையைக் கேட்ட மோசே, இந்தச் சனத்தை நானா பெற்றேன், என்னைக் கொன்றுபோடும் என்று கடவுளோடு சண்டைபிடித்தார். முகாம் பொறுப்பாளர்கள் சிலர் இதை வாசித்தால் சிரிப்பார்கள். கடவுள் கொடுத்த முதல் பதில் இறைச்சியல்ல என்பதைக் கவனியுங்கள். மூப்பரில் 70 பேரைக் கூப்பிடச் சொல்லி, மோசேயில் இருந்த ஆவியை அவர்கள்மேலும் வைத்தார். ஒருவர் தோளில் இருந்த பாரம் எழுபது பேர் தோளுக்குப் போனது. சனத்துக்குக் கிடைத்த ஆவிக்குரிய போஜனம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். அழுகைச் சத்தத்தில் அதைக் கவனித்தவர் குறைவு.

பிறகு காடைகள் வந்தன. இரண்டு பகலும் ஒரு இரவும் பொறுக்கினார்கள். எபிரெய அளவைக் கணக்கிட்டால், மிகக் குறைவாகச் சேர்த்தவனிடமே ஆயிரம் ஓமர் இருந்தது. ஆளுக்கு ஒரு ஓமர் போதுமாயிருந்த அதே பாளயத்தில்! கருவாடு காயப்போடுவது போல் பாளயத்தைச் சுற்றிலும் பரப்பி வைத்தார்கள். இறைச்சி பல்லுக்குள் இருக்கையிலேயே வாதை வந்தது. செத்தவர்களைப் புதைத்த அந்த இடத்துக்கு கிப்ரோத் அத்தாவா, இச்சையின் கல்லறைகள் என்று பெயர்.

அப்படிப்பட்ட கல்லறைகளை நாமும் கண்டிருக்கிறோம். நிவாரண மாவை விற்றுக் கசிப்புக்குக் கொடுத்த வீட்டில் பிள்ளைகள் தேத்தண்ணியோடு படுத்தன. யுத்தம் முடிந்தபின் நுண்கடன் வந்தது. கச்சான் விதைக்கவென்று எடுத்த காசு சடங்குச் சாப்பாட்டுக்கும் தவணை மோட்டார் சைக்கிளுக்கும் போனது. அதை அடைக்க இன்னொரு கடன். இதற்குப் பெண்களை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. கடனை வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டியவர்களுக்கும், விருந்தில் குறை பிடிக்கிற நமது வாய்க்கும் அதில் பங்குண்டு.

இனி யோவான் 6. அதுவும் தண்ணீர்க் கரையில் நடந்தது. ஒரு பையனின் ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். வாற்கோதுமை அன்றைய ஏழைகளின் தானியம். நம்மூர்க் குரக்கனைப் போல. சனம் திருப்தியாகச் சாப்பிட்டது, மிஞ்சிய துண்டுகள் 12 கூடை. மறுநாள் அதே சனம் படகேறி அக்கரைக்கு அவரைத் தேடிப் போனது. வயிறு நிறைந்ததால் தேடுகிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நானே ஜீவ அப்பம் என்பதையும் அங்கேதான் சொன்னார். பசியோடு இருந்தபோது பிரசங்கத்தோடு நிறுத்தாமல் சோறு கொடுத்தார். வயிறு நிறைந்தபின் அடுத்த பசியைக் காட்டினார். அந்த அம்மாவின் கேள்விக்கு எங்கள் பதிலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

அந்த அடுத்த பசி எது? முகாமில் சோறு வந்த பிறகும் தூக்கம் வராத இரவுகள் உங்களுக்குத் தெரியும். காணாமல் போன மகன், வட்டைக்குத் திரும்புவோமா என்ற பயம், உறவுக்குள் வந்த கசப்பு. இவற்றை எந்த லொறியும் கொண்டுவந்து தீர்க்காது. அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்து சங்கீதம் வாசித்ததும், நன்றி சொல்லி அப்பம் பிட்டதும், கோபத்தோடிருந்த அயலவர் ஒரு சுண்டு அரிசி கடன் கேட்டு வந்து பேச்சைத் தொடங்கியதும் நம்மைப் பிழைக்கவைத்தன.

மன்னாவைப் பற்றி இன்னொன்று. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. விடியும்வரை ஒளித்து வைத்ததில் பூச்சி பிடித்தது. எருசலேமின் ஏழைகளுக்காகக் காசு சேர்த்தபோது பவுல் இதையே கொரிந்தியருக்கு நினைவுபடுத்தினார் (2 கொரிந்தியர் 8). மிசோரம் திருச்சபைப் பெண்கள் 1910 முதல், உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து வருகிறார்கள். நமது பெண்களும் அறிந்த பிடியரிசிதான் அது.

அடுத்த கூட்டத்துக்கு முன் யோவான் 6ஐ வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நமது வீட்டில் பசி எது, இச்சை எது என்று கணவனும் மனைவியும் பிள்ளைகளும் இருந்து கதையுங்கள். பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். அந்தக் கிழமை பிடியரிசி வைக்கக்கூடியவர்கள் ஒரு பேணியில் கொண்டுவாருங்கள். வைக்க முடியாதவர்கள் வெறும் பேணியோடு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பாயில் கொட்டி, அளந்து பங்கிடுவோம்.