கரிசாலை எது?

சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் பாட்டாக அமைந்தவை; அவற்றில் படம் இல்லை. செடியின் அடையாளத்தைப் பெயரிலிருந்தே தேட வேண்டியுள்ளது.

நம் அருகிலுள்ள வடலூரில் 1867இல் தருமச்சாலை கண்ட வள்ளலார் பெரிதும் போற்றிய கீரை கரிசலாங்கண்ணி. கையாந்தகரை என்பதும் இதுவே. வாய்க்கால் ஓரங்களில் வெண்ணிறப் பூவுடன் காணப்படுவதைத் தாவரவியலார் எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா என்பர். இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். பெயரின் முதலில் நிற்கும் 'கரி' இதனையே சுட்டுகிறது எனக் கொள்வது பொருந்தும்.

பொற்றலைக் கையாந்தகரை என்பது வேறு பேரினம், ஸ்பாக்னெடிகோலா கேலண்டுலேசியா. பொன் தலை என்றது மஞ்சள் பூவை.

இடர் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ட்ரைலோபேட்டா என்னும் இனம் பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. பேரினம் ஒன்று, பூவும் மஞ்சள். ஆகவே பொற்றலை என்று பறிப்போரும் உளர். 1492இல் கொலம்பசு கடல் கடப்பதற்கு முன் எழுந்த நூல் இச்செடியைக் குறித்திருக்க வழியில்லை அன்றோ? இதன் இலை மும்மடலாகத் தோன்றும். பொற்றலையின் இலையோ குறுகி நீண்டது.

தாதுப் பொருள்களிலும் இத்தொல்லை உண்டு. வெறுமனே 'துத்தம்' என்றிருந்தால், செம்பு சேர்ந்த மயில்துத்தமா, நாகம் சேர்ந்த வெள்ளைத்துத்தமா என்று பாடலின் பிற அடிகளைக் கொண்டே துணிய வேண்டும். மாறினால் மருந்தே நஞ்சாகும்.

காமாலைக்கென்று வாங்கும் பொடியில் பூவும் தெரியாது, இலையும் தெரியாது. ஆதலின் பூத்த செடியாகவே பறித்து, தாவரவியல் துறையில் காட்டிய பின்னர் உலர்த்துவது நலம்.